ஒரு ஜனவரி எழுத, அடுத்த ஜனவரி விற்க

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தனியார் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் பெண். எட்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள். இரண்டு நாவல்களைத் தானே கிண்டிலில் வெளியிட்டு, ஒன்றை அச்சிலும் கொண்டுவந்திருக்கிறார். மூன்றாவது பாதியில் நிற்கிறது. "தினமும் முகநூலில் எதையாவது எழுதினால்தான் வாசகர்கள் நம்மை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்கிறார்கள். அங்கே எழுதினால் நாவல் நின்றுபோகிறது. நாவலில் உட்கார்ந்தால் வீட்டில் குறைபடுகிறார்கள். மூன்றையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது?" இதுதான் கேள்வி.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளாக என் நாவல்களை நானே அச்சிட்டு நானே விற்கிறேன். பதிப்பாளர், விற்பனைப் பிரதிநிதி, பார்சல் கட்டுகிறவர் எல்லாம் நான்தான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மூன்றையும் ஒரே நாளுக்குள் அடைக்கப் பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. காலை ஒரு மணி நேரம் நாவல், மாலை முழுக்க வீடு, இரவு அரை மணி நேரம் முகநூல் என்று பிரித்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் சின்னவனுக்குக் காய்ச்சல் வரும், இல்லை கிளையில் தணிக்கை வரும், அட்டவணை சரிந்துவிடும். சரிந்ததும் நமக்கு ஒழுங்கு போதவில்லை என்று மனம் நொந்துகொள்வோம். நாளைப் பிரிக்காதீர்கள், ஆண்டைப் பிரியுங்கள்.

ஏனென்றால் இந்த மூன்றுக்கும் உள்ள பொறுமை ஒரே மாதிரி இல்லை. வீடு காத்திருக்காது. பிள்ளையின் அரையாண்டுத் தேர்வை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியாது, மாமனாரின் கண் அறுவை சிகிச்சையை நாவல் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. நாவல் கொஞ்சம் காத்திருக்கும், ஆனால் விட்டு விட்டு எழுதினால் கெட்டுப்போகும். மூன்று வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திறந்தால், அந்த மனிதர்களின் குரல் காதில் இருக்காது. பேச்செல்லாம் நம்முடைய பேச்சாக ஒலிக்கும். வாசகர்தான் நீண்ட நாள் காத்திருப்பார். உங்கள் நாவலைப் படித்துப் பிடித்துப்போனவர் அடுத்த நாவலுக்கு இரண்டு வருடம் பொறுப்பார். நீங்களே ஒரு வாசகராக யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் நேற்று முகநூலில் என்ன எழுதினார் என்று தெரியாமலே அவருடைய அடுத்த புத்தகத்தை வாங்கியிருப்பீர்கள். ஆனால் நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். அதிகம் பொறுக்கக்கூடியவரைத்தான் அதிகம் பயந்து தினமும் கவனிக்கிறோம், பொறுக்கவே முடியாத வீட்டை "கொஞ்சம் இரு" என்கிறோம்.

என்னுடைய ஆண்டைச் சொல்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் கணக்கு முடிக்கும் மாதம். ஜூலை முதல் அக்டோபர் வரை வருமான வரிக் கணக்கு, தணிக்கை அறிக்கை என்று மூச்சு விட முடியாது. எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடக்கிறது; மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவது, தமிழ்நாட்டின் பெரிய புத்தகத் திருவிழாக்களில் ஒன்று. அந்த நாட்களில்கூட வேலை முடிந்து மாலை கடைசி நேரத்தில்தான் போய் நிற்பேன். ஆக எனக்கு எழுதக் கிடைப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்த நான்கு மாதத்தில் முதல் வரைவை முடித்துவிடுவேன். மார்ச்சில் அதைத் தொடுவதில்லை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை திருத்தம். ஜூலையில் படித்துச் சொல்லும் நண்பர்கள் மூன்று பேரிடம் கொடுத்துவிடுவேன். நான் வரிக் கணக்குகளோடு இருக்கும்போது அவர்கள் நாவலோடு இருப்பார்கள். அக்டோபருக்குள் அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்தி, மெய்ப்புப் பார்ப்பவரிடம் போகும். நவம்பரில் லேஅவுட், டிசம்பரில் அச்சு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பிரதி போய்விடும்.

இப்படிப் பார்த்தால் ஒரு நாவலுக்கு இரண்டு ஜனவரி ஆகிறது. ஒரு ஜனவரியில் எழுதுகிறேன், அடுத்த ஜனவரியில் விற்கிறேன். எழுதுகிற ஜனவரியில் சென்னைக்குப் போவதில்லை. போனால் யார் என்ன போட்டிருக்கிறார்கள், எந்தக் கடையில் எத்தனை போனது என்ற பேச்சிலேயே மனம் ஒரு மாதம் சுற்றும். விற்கிற ஜனவரியில் ஒரு வரிகூடப் புதிதாக எழுதுவதில்லை. அதற்காக வருத்தப்படுவதும் இல்லை. வருடத்துக்கு ஒரு புத்தகம் போட வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொந்தமாகப் போடுகிறவருக்கு உள்ள பெரிய சுதந்திரம் அதுதான், அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஆண்டு வேறு மாதிரி இருக்கும். வங்கியில் காலாண்டு முடிகிற மாதங்கள் நெருக்கும், மார்ச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தையும் எழுத்துக்கு ஒதுக்கலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். நான் வேண்டாம் என்பேன். விடுமுறையில் வீட்டில் சத்தமும் சமையலும் இரண்டு மடங்கு, போதாததற்கு அவர்களோடு இருக்கக் கிடைக்கும் நல்ல நாட்களும் அவைதான். பள்ளி திறந்த பிறகு ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை உங்களுக்குத் தொடர்ச்சி கிடைக்கலாம். ஆவணியில் முகூர்த்தங்கள் வரும், போகத்தான் வேண்டும். அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூத்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும் ஆண்டில் உங்கள் எழுத்து மாதங்கள் சுருங்கும். இப்போதே அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அந்த ஆண்டைத் திருத்தத்துக்கு ஒதுக்கலாம். திருத்தம் துண்டு நேரத்தைத் தாங்கும், முதல் வரைவு தாங்காது.

எங்கள் வீட்டில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று சமையலறைக் கதவின் பின்னால் தொங்கும். புதுக் காலண்டர் வந்ததும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து, முதலில் வீட்டு நாட்களை நீல மையில் குறிப்போம். தேர்வுகள், திருமணங்கள், அம்மாவின் மருத்துவமனை நாட்கள், ஊர் மாரியம்மன் பண்டிகை, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போகும் வாரம். அது முடிந்த பிறகுதான் என் சிவப்பு மை. வரிசை முக்கியம். வீட்டு நாட்கள் குறித்தாயிற்று என்று தெரிந்த பிறகு சிவப்பு நாட்களை வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் எழுதும் நேரத்தை வீட்டார் வெறுப்பதில்லை. அது எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவர்களுக்குக் கஷ்டம். "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று வருடம் முழுக்கச் சொல்லும் ஆளோடு வாழ்வது களைப்பான விஷயம். உடம்பு இங்கே இருக்கும், காது இருக்காது. "ஜூன் 15 முதல் ஆகஸ்ட் கடைசி வரை, செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரை முதல் ஏழு. செப்டம்பரில் நான் உங்களோடு முழுசாக இருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். முடிவு தேதி தெரிந்தால் ஒத்துழைப்பு தானாக வரும். அந்தத் தேதியை நாமும் மதிக்க வேண்டும். "இன்னும் ஒரு அத்தியாயம்தான்" என்று ஒரு முறை இழுத்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குச் சுலபமாக அமைந்ததற்கு நான் ஆண் என்பதும் ஒரு காரணம். நான் காலையில் கதவைச் சாத்திக்கொண்டால் காபி வெளியே வந்து நிற்கும். நீங்கள் சாத்திக்கொண்டால், சட்னிக்குத் தேங்காய் துருவியாகிவிட்டதா என்ற கேள்வி வரும். ஆகவே உங்கள் பேச்சு நேரத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தால் போதாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். டிபன் டப்பா யார் கட்டுவது, பால் யார் வாங்குவது, சின்னவனைக் குளிப்பாட்டுவது யார். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று சொன்னால் அது இரண்டு நாள் நடக்கும். "செவ்வாய், வியாழன், சனி டிபன் உங்க பொறுப்பு" என்றால் நிற்கும். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாவலில் வருமானம் வந்தால்தான் கேட்கலாம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுதும் மாதங்களில் நாளுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு நான் அதிகம் மெனக்கெடமாட்டேன். ஒரு காட்சி நகர்ந்தால் போதும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். பேருந்தில் போகும்போது எழுத விரும்பினால், தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதி இப்போது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் என் அனுபவத்தில் அது உரையாடலுக்குத்தான் பொருந்துகிறது. இரண்டு பேர் பேசிக்கொள்வதை வாய்விட்டுச் சொல்லும்போது வசனம் இயல்பாக வருகிறது. வர்ணனையை அப்படிச் சொன்னால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. நிறுத்தற்குறி எதுவும் சரியாக வராது, அதை வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான ஒரு பழக்கம் இருக்கிறது. எழுதி எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும், வரைவின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பை மாற்றி எழுதிவிடுங்கள். கதை எந்த நாளில், எந்த இடத்தில் நிற்கிறது; யாருக்கு என்ன ரகசியம் தெரியும், யாருக்குத் தெரியாது; ஒவ்வொருவருக்கும் வயது என்ன; அடுத்த காட்சியில் முதலில் கதவைத் திறப்பது யார். பத்து வரி போதும். வீட்டில் திடீரென்று மருத்துவமனை, துக்கம் என்று ஏதாவது வந்து இரண்டு மாதம் கைவிட நேர்ந்தாலும் அந்தப் பக்கம் உங்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் விடும். அது இல்லாவிட்டால் பழைய பக்கங்களை முதலிலிருந்து படித்து, படித்ததைத் திருத்தி, திருத்தியதிலேயே எழுதும் மாதங்கள் கரைந்துபோகும். பாதியில் நின்றுபோன நாவல்கள் பல, எழுத முடியாமல் நின்றவையாக எனக்குத் தெரியவில்லை. திரும்பி உள்ளே வர வழி தெரியாமல் நின்றவை அவை.

இப்போது வாசகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று கேள்வியைப் படித்தபோதே தோன்றியது.

தன் புத்தகத்தைத் தானே வெளியிட்டு வாசகரைத் தேடிப் போவது தமிழில் புதிய காரியம் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். பகலில் பாடம், மற்ற நேரத்தில் சுவடி. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்ததும் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி தருவதுதான் அந்தக் கையொப்பம். இன்று நாம் முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வதும் அதுவேதான். சி.சு. செல்லப்பா 1959இல் எழுத்து இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். எழுத்து பிரசுரத்தின் நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில் சுதந்திர தாகம் என்ற தன் பெரிய நாவலையும் தானே வெளியிட்டார். அதற்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்த பிறகு 2001இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966 முதல் மல்லிகை இதழை நடத்தினார். முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தவர், இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஆட்களைப் பார்த்து விற்றார்.

இவர்களிடம் நான் கவனித்தது, வாசகரிடம் போகும்போது கையில் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது. புத்தகம் இருந்தது, இதழ் இருந்தது. வெறுமனே ஞாபகப்படுத்துவதற்காக யாரும் கதவைத் தட்டவில்லை. இன்று தினமும் ஒரு பதிவு போடச் சொல்கிறவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கதவைத் தட்டச் சொல்கிறார்கள். அதே சமயம், இந்தப் பெரியவர்களின் கதையைச் சொல்லும்போது வீட்டில் இருந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இதழ் நடத்திய வீடுகளில் அரிசிக்கும் அச்சுக்கூலிக்கும் நடந்த இழுபறியை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறார். அந்தப் பாதியை நாம் பின்பற்றத் தேவையில்லை. அவர்களுக்கு இல்லாத வசதிகள் நமக்கு இருக்கின்றன.

முகநூல் விருப்பக்குறிகளை வாசகர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நம்மைப் படிக்கிறவர்கள் அங்கே எழுதுவதைப் படிக்கிறவர்கள்தான். அவர்களில் சிலர் புத்தகமும் வாங்குவார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது ஒரு பட்டியல். பெயர், ஊர், தொடர்பு எண், எந்தப் புத்தகத்தை வாங்கினார், என்ன சொன்னார். நான் இதை எக்செல் தாளில் வைத்திருக்கிறேன், தொழில் பழக்கம். முகநூல் நாளைக்குத் தன் விதியை மாற்றினாலும் இந்தத் தாள் என்னிடம் இருக்கும். அதில் உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்து அனுப்புகிறேன்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். சிலருக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு அது நல்ல வடிகட்டி. நம் எண்ணைச் சேமித்து வைக்கும் அளவுக்கு அக்கறை உள்ளவரிடம்தான் பேச வேண்டும். குழுவாக வைக்காதீர்கள். குழு என்றால் காலை வணக்கப் படங்களிலிருந்து கட்சிச் சண்டை வரை நீங்கள்தான் காவல் காக்க வேண்டும், எண்களும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வருடத்துக்கு மூன்று நான்கு முறை எழுதினால் போதும். ஒரு பக்கக் கடிதம், உண்மையான செய்தியோடு. எழுத ஆரம்பித்திருக்கிறேன், முடிந்தது, அச்சுக்குப் போகிறது, இந்தக் கடையில் கிடைக்கும். நடுவில் யாராவது எழுதினால் கட்டாயம் பதில் போடுங்கள். நான் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, அந்த வாரம் வந்தவற்றுக்கெல்லாம் பதில் எழுதிவிடுவேன். தாமதமாக வரும் பதிலை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. "நன்றி" என்று ஒற்றைச் சொல்லில் உடனே வரும் பதிலைவிட, ஐந்து நாள் கழித்து அவர் சொன்னதைப் படித்து எழுதிய நான்கு வரி அவரை உங்களோடு நிறுத்தும்.

அந்த நான்கு வரி எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் நாவலில் விசைத்தறிப் பட்டறை வந்ததைப் படித்துவிட்டு, காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தறிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டு ஒரு வரி. மீதியெல்லாம் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பதைப் பற்றி. தறியில் ஓடும் பாவு தீர்ந்ததும் பழைய இழையின் முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முறுக்கு, முடிச்சே தெரியாது. தன் மனைவி அந்த வேலைக்குப் போனவர் என்றும், அவர் விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோய், ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது பதியாமல் திரும்பி வந்தார் என்றும் எழுதியிருந்தார். நான் பதில் போட்டேன், அவர் வரச் சொன்னார், போனேன். என் அடுத்த நாவலின் மையமே அந்த அம்மாளின் விரல்களாகிவிட்டது. வாசகரோடு தொடர்பு என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். இப்படி எழுதக்கூடியவர் பதிவுகளுக்குக் கீழே பூங்கொத்துப் படம் போடுவதில்லை, அமைதியாகப் படித்துவிட்டு ஒரு நாள் கடிதம் எழுதுவார். அவர் எழுதும்போது படித்துப் பதில் சொல்ல நமக்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

குடும்பத்தை வாசகர்களுக்குக் காட்டும் விஷயத்தில் நான் கறாராக இருக்கச் சொல்வேன். பிள்ளைகளின் படம், வீட்டுச் சண்டை, கணவர் சொன்ன வேடிக்கை இதெல்லாம் நன்றாக ஓடும், எழுதுவதும் சுலபம். ஆனால் அவர்கள் நம்மை நம்பி வீட்டுக்குள் பேசியதை நாம் வெளியே வைக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் அது கூசும். நாவலுக்கு வீட்டிலிருந்து எடுப்பது வேறு. அதை உருமாற்றுகிறோம், காலம் கடந்து எடுக்கிறோம். அப்படியும் நெருங்கியவர் அடையாளம் தெரியும்படி இருந்தால் அச்சுக்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

வெளியீட்டு வேலைகளில் எதில் நேரம் போகும் என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். கிண்டிலில் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும். வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் படிக்கப்படும் பக்கங்களுக்கும் அப்போதுதான் பணம் வரும். ஒரு மாதத்தின் பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும். ஆகவே விற்பனை அறிக்கையைத் தினமும் திறந்து பார்ப்பதில் பலனில்லை. மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். அந்த வரைபடம் ஏறுவதும் இறங்குவதும் எழுதும் மாதங்களில் மனதைக் கெடுக்கும்.

அச்சுக்கு 16 பக்கம் ஒரு ஃபாரம். 192 பக்கம் என்றால் 12 ஃபாரம், கணக்கு சரியாக உட்காரும். 197 பக்கம் வந்தால் லேஅவுட்காரரிடம் சொல்லி ஐந்து பக்கத்தை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். முதல் அச்சைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் குறைந்த பிரதிகளாகப் போடுங்கள். ஒரு பிரதிக்குச் செலவு கூடினாலும், கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கி வீட்டாரின் பொறுமையைச் சோதிக்க வேண்டியிருக்காது. முன்பதிவு எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. அதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுகிறவர் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அனுப்பிவிடுங்கள்; நாம் போன பிறகும் அந்தப் பிரதி அங்கே இருக்கும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள், அப்புறம் அட்டைக்கு. ஒற்றுப்பிழை மலிந்த புத்தகத்தை எந்த அட்டையும் காப்பாற்றாது, அதைவிட முக்கியமாக, மெய்ப்புப் பார்ப்பது உங்கள் இரவுகளைத் தின்னும் வேலை. வெளியீட்டு விழாவை நான் தவிர்த்துவிடுவேன். அரங்க வாடகை, ஏழு பேச்சாளர்கள், பொன்னாடை, முடிவில் படிக்காதவர்களின் பாராட்டு. அதற்கு ஆகும் செலவிலும் அலைச்சலிலும் பாதிகூட ஆகாது, படித்தவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு ஒரு ஞாயிறு மாலை பேசினால். பார்சல்களை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கட்டுங்கள், கட்டும் நாளை முன்பதிவு செய்தவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய, புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. உங்கள் புத்தகம் அதில் வருமா என்று உங்கள் அஞ்சலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெட்டி ஒட்டுவதும் முகவரி எழுதுவதும் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. உங்கள் மூத்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், அம்மா என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பாதியில் நிற்கும் நாவலுக்கு வருகிறேன். இப்போதைக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். இதுவரை எழுதியதைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பேசி ஒரு சனிக்கிழமை முழுவதையும் வாங்கி, திரையில்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும், ஆனால் வரிகளைத் திருத்த வேண்டாம். தோன்றுவதை எதிரே இருக்கும் வெற்றுப் பக்கத்தில் எழுதுங்கள். படித்து முடித்ததும் நான் சொன்ன பத்து வரிக் குறிப்பை எழுதிவிடுங்கள். அன்று இரவே உங்கள் வாசகர்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாம்: மூன்றாவது நாவல் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் சில மாதம் பதிவுகள் இருக்காது, கடிதம் எழுதினால் பதில் உண்டு. அப்புறம் காலண்டரை எடுத்துக்கொண்டு கணவரோடு உட்காருங்கள். எந்த மாதத்தில் ஆரம்பிப்பது என்பதை அந்தக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால், ஜூலை முதல் அக்டோபர் வரை தவிர, எந்த மாதமும் எனக்கு அனுப்பலாம்.